கன்னிமாருக்கு வளையல்

போன வருடம் புரட்டாசியில் ஒரு மதியம். முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். வீடு ரொம்பவும் அமைதியாக இருப்பது சட்டென்று உறைத்தது. நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அப்படியோர் அமைதி நல்லதுக்கு வருவதில்லை. அடுக்களை, திண்ணை, காபி உலர்த்தும் களம், மாட்டுக்கொட்டகை எல்லாம் பார்த்தாயிற்று. காபிச் செடிகளுக்கு நடுவே அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதற்கு அப்பால் சரிவு. சரிவின் அடியில் ஓடை.

கரைப் பாறையில் குந்தியிருந்தாள். பிளாஸ்டிக் வளையல்களில் மூன்றைக் கழற்றிப் பாறைமேல் வரிசையாக வைத்திருந்தாள். நான்காவது மணிக்கட்டில் சிக்கிக்கொண்டிருந்தது. அது சிக்கியதால்தான் அவள் இன்னும் தண்ணீருக்குள் இறங்கவில்லை என்பது பிறகு புரிந்தது.

"என்னடி செய்கிறாய் இங்கே?" என்று கேட்டேன். அது என் குரல்போலவே இல்லை.

"கன்னிமாருக்கு வளையல் கொண்டுவந்தேன் அம்மா. கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டேன் என்கிறார்கள். நான்தான் உள்ளே போய்க் கொடுக்க வேண்டும்போல."

கன்னிமாரை அந்த ஓடைக்குக் காவல் வைத்தவள் நான்தான். அத்தையும் கூட்டு. உச்சிவேளையில் ஓடைப் பக்கம் போனால் கன்னிமார் பிடித்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவந்தோம். எங்கள் மலையில் நீர்க்கரைதோறும் கன்னிமார் உண்டு. ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசி, கருகமணியும் வளையலும் வைத்துக் கும்பிடுகிற தெய்வங்கள். ஆடி வெள்ளியில் நாங்களே அவளைக் கூட்டிப்போய்க் கும்பிடவைத்தோம். பிள்ளை இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். வளையல் பிடித்த ஏழு அக்காக்கள் தண்ணீருக்குள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் என்ன? அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

அன்று அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. நல்ல தாய் என்பதால் அல்ல, கை நடுங்கியது.

நாங்கள் இருப்பது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம். வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறினால் வளைந்து வளைந்து ஏறும் பாதை. காபி, மிளகு, கொஞ்சம் மலைவாழை, நிழலுக்குச் சில்வர் ஓக். தண்ணீருக்குப் பஞ்சமில்லாத இடம் என்று பெண் கேட்டு வந்தபோது பெருமையாகச் சொன்னார்கள். உண்மைதான். ஓடை ஒன்று, வீட்டின் பின்னால் ஊற்றுக்குழி ஒன்று, காபிப் பழம் அரைத்த பிறகு கொட்டையை ஊறவைக்கும் சிமெண்ட் தொட்டி இரண்டு, மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி, குளியலறையில் எப்போதும் நிறைந்திருக்கும் அண்டா. அன்றிரவு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பிள்ளையின் இடுப்பளவுக்குமேல் தண்ணீர் நிற்கும் இடங்கள் மட்டும் ஆறு வந்தன. கணவர் ஏழாவதைச் சொன்னார்: மருந்து கலக்கும் டிரம்.

அதுவரை என் காவல் முழுவதும் காதில்தான் இருந்தது. விழுந்தால் தொம்மென்று கேட்கும், அழுவாள், ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தேன். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அந்த ஒரு நொடியும் மூச்சுக்கே போதாது; குரலுக்கு எங்கே மிச்சம்? கைகள் தண்ணீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும், ஆட்டிக் கூப்பிட வராது. தவழ்கிற, தத்தி நடக்கிற பிள்ளை என்றால் ஒரு வாளித் தண்ணீர் போதும். உடம்போடு பார்த்தால் தலைதான் கனம். குனிந்து எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-ல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிறையாத குழந்தை. ஜூலை 25-ஐ இதற்கென்றே ஒரு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் அறிவித்திருக்கிறது. எங்கள் ஊரில் யாருக்கும் அது தெரியாது, எனக்கும் அந்த வளையல் நாள்வரை தெரியாது.

முதலில் பூச்சாண்டிக் கதைகளை நிறுத்தினோம். அத்தைக்கு வருத்தம். "பயம் இருந்தால்தானே பிள்ளை அடங்கும்?" என்றார். பயந்த பிள்ளை ஒளிந்துகொண்டு போகும் அத்தை, கேட்டுவிட்டுப் போகாது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பேத்தியிடம், "கன்னிமார் குளிக்கிற இடம் அது, நாமும் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்" என்று கதையைத் தானே மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைவிடக் கெட்டிக்காரர்.

அதிலிருந்து பிறந்ததுதான் கேட்கிற கல். ஓடைக்கு இறங்கும் தடத்தில், தண்ணீருக்கு இருபதடி முன்னால், ஆட்டுக்கல் அளவில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் மகளே சுண்ணாம்பும் காவியும் அடித்தாள். அடித்ததில் பாதி அவள் பாவாடைக்குப் போயிற்று. அந்தக் கல்லில் உட்கார்ந்து "இறங்கலாமா?" என்று கேட்க வேண்டும். கூட வந்த பெரியவர் கையை நீட்டினால் இறங்கலாம். யாரும் வரவில்லை என்றால் கல்லைத் தாண்டக் கூடாது. பிள்ளைக்குச் சொன்ன சட்டம் இவ்வளவுதான். "ஆழம் பார், வழுக்கும், பாசி இருக்கும், ஜாக்கிரதை" என்று பத்துச் சொன்னால் பத்தும் காற்றில் போகும். ஒரு கல்லைக் காட்டினால் கண்ணுக்குத் தெரியும், காலுக்குத் தெரியும், உட்காரவும் முடியும். குளியலறை வாசலில் அதுவே ஒரு சிவப்புக் கால்மிதியாக ஆயிற்று.

கேட்டால் பெரும்பாலும் சரி என்று சொல்லியாக வேண்டும் என்பதை இரண்டாவது வாரத்தில் கற்றேன். வேலை இருக்கிறது, பிறகு, நாளைக்கு என்று நான்கு தடவை தட்டிக்கழித்தேன். ஐந்தாம் தடவை அவள் கேட்கவே வரவில்லை. கல்லைச் சும்மா தொட்டுவிட்டுத் தாண்டப் பார்த்தாள். அன்றிலிருந்து மாலை நாலரைக்கு ஓடை. புடைத்த உளுந்து பாதியில் கிடந்தால் கிடக்கட்டும்.

நானும் அந்த வயதில் தண்ணீருக்குள் இறங்காதவள்தான். வத்தலக்குண்டுப் பக்கம் அப்பா வீட்டுக் கிணற்றில் பையன்கள் எல்லாம் சித்திரை வெயிலுக்குக் குதித்து விளையாடுவார்கள். பெண்பிள்ளைகள் துணி துவைத்துக்கொண்டு பார்த்திருப்போம். அண்ணனை அப்பா தூக்கிக் கிணற்றில் எறிந்ததைப் பார்த்திருக்கிறேன். "மூன்றாம் நாளே மீன்மாதிரி நீந்தினான்" என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். நீந்தினான் என்பது உண்மை. நாற்பதை நெருங்கும் அண்ணன் இன்றுவரை ஷவருக்குக் கீழே முகத்தை நிமிர்த்தமாட்டான் என்பதும் உண்மை. அதை அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. அதே ஊரில் அப்பத்தாவின் தம்பி ஒருவர் பேரப்பிள்ளைகள் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடியே பழக்குவார். வாரம் ஒரு விரற்கடை கயிற்றைத் தளர்த்துவார். பிள்ளைக்குத் தெரியாமலே ஒரு நாள் குடுக்கை இருக்காது. ஊரில் அவரை யாரும் வீரன் என்று சொன்னதில்லை.

அவரை நினைத்துக்கொண்டுதான் குளியலறையில் ஆரம்பித்தேன். அகலப் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். முதல் வாரம் முழுக்கச் சொம்பு அவள் கையில். என் தலையில் அவள் ஊற்றுவாள், நான் முகத்தைத் துடைக்காமல் மூச்சை வெளியே விட்டுக் காட்டுவேன். பிறகு அவள் தலையில் அவளே ஊற்றிக்கொள்வாள். "ஒன்று, இரண்டு, மூன்று" எண்ணி மூன்றில் ஊற்ற வேண்டும், மூன்றுக்குமுன் ஊற்றினால் ஆட்டம் செல்லாது. நான் ஒருமுறை அவசரத்தில் இரண்டிலேயே ஊற்றிவிட்டேன். பள்ளிக்கூட வேன் வரும் நேரம். அன்று முழுவதும் என்னை நம்பவில்லை. சொம்பைக் கையோடு எடுத்துப் போய் ஒளித்து வைத்தாள். சரிதான் அவள் செய்தது.

பிறகு ஊதுவது. உதடு தண்ணீரில் பட, "சோறு கொதிக்கிறது" என்று குமிழ் விடுவாள். அடுத்து மூக்கும் உள்ளே, அது "பருப்பு கொதிக்கிறது". கண்ணும் உள்ளே போனால் பொங்கல். பொங்கல் வருவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு மார்கழிக் காலையில், நான் கேட்காமலே, முகம் முழுவதையும் அமிழ்த்தி எழுந்து "பொங்கலோ பொங்கல்!" என்றாள். புருவத்திலிருந்து சொட்டிய தண்ணீரை அவள் துடைக்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் ஒரு தப்பு செய்தேன். அப்பா வீட்டுக்கு விடுமுறைக்குப் போனபோது, பக்கத்து நகரத்தில் பதினைந்து நாள் கோடைப் பயிற்சி என்று கேள்விப்பட்டுச் சேர்த்தேன். இரண்டாம் நாள் பயிற்சியாளர் அழுத பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பிடித்து முக்கி எடுத்தார். பெற்றோர் கம்பிவேலிக்கு வெளியே. "அழுகை நின்றுவிடும் அம்மா, எல்லாம் பழகிவிடும்" என்றார். நிற்கத்தான் செய்தது. என் மகள் அழாமல் உறைந்துபோய் வந்தாள், பிறகு இருபத்திரண்டு நாள் தலைக்குக் குளிக்கவில்லை. பணம் போனது போகட்டும். கையில் மாட்டும் காற்றுப் பைகளையும் அங்கேதான் வாங்கச் சொன்னார்கள். அவை உயிர்க்காப்புச் சாதனம் அல்ல. மாட்டிய பிள்ளை செங்குத்தாகத் தொங்கும், தனக்கு மிதக்கத் தெரியும் என்று நம்பிவிடும். மாட்டாத நாளிலும் அந்த நம்பிக்கை கூடவே வரும். நமக்கும் கண் தளரும். எங்கள் வீட்டில் அவை இப்போது பொம்மைகளுக்கு மெத்தை.

திரும்பவும் சோறு கொதிப்பதிலிருந்து தொடங்கினோம். இடையில் நானும் கற்றாக வேண்டியிருந்தது. நீந்தத் தெரியாத அம்மா கரையிலிருந்து என்ன செய்வாள்? முப்பத்து நான்கு வயதில், சுடிதாரோடு, இடுப்பில் பழைய எண்ணெய்க் கேன் கட்டி, அப்பா வீட்டுக் கிணற்றில் இறங்கினேன். தூக்கி எறிவீர்களா அப்பா என்று கேட்டதற்கு, "உன்னைத் தூக்க எனக்கு ஏது தெம்பு?" என்றார். படியில் உட்கார்ந்து என் பின்னந்தலையின் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, "கழுத்தை விடு, கழுத்தை விடு" என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். இவ்வளவு பொறுமை அவரிடம் இருந்ததா என்று அண்ணன் போனில் கேட்டான்.

மகள் மிதந்தது ஆனி மாதம், அப்பா வீட்டுத் தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில். எனக்கு இடுப்பளவுத் தண்ணீர், வெயில் பட்டு இளஞ்சூடு. மலையில் இதைச் செய்திருக்க முடியாது. ஓடைத் தண்ணீரில் பத்து நிமிடத்தில் உதடு நீலம் பாரிக்கும். சில்லென்ற தண்ணீரில் திடுமென விழுந்தால் பெரியவர்களுக்கே மூச்சு திக்கென்று இழுத்துக்கொள்ளும்; அந்த முதல் இழுப்பு தண்ணீருக்குள் நடந்தால் ஆபத்து. அதனால்தான் ஓடையில் எப்போதும் முதலில் கால், பிறகு கை, நெஞ்சு, கழுத்து என்று நனைத்துக்கொண்டு இறங்குகிறோம். தொட்டியில் அப்பா சொல்லிக்கொடுத்தபடியே அவள் பின்னந்தலைக்குக் கீழே கை கொடுத்தேன். காது நனைவது பிடிக்காமல் மூன்று முறை எழுந்துவிட்டாள். நான்காம் முறை காது இரண்டும் உள்ளே போயின. முகம் மாறிற்று.

"அம்மா, யாரோ மூச்சு விடுகிறார்கள்."

"நீதான்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையின்மேல் அவள் தலையின் கனம் குறைந்துகொண்டே வந்தது. கையை எடுத்துவிட்டேனா என்றால், இல்லை. சுரைக்குடுக்கைத் தாத்தாவிடம் எனக்கு ஒப்பாத இடம் அது ஒன்றுதான். "எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு நாள் கழித்து" என்றாள். மூன்றாம் நாள் அவளே "எடு" என்று சொன்னாள். ஏழு எண்ணும்வரை மிதந்தாள்.

இதனால் அவள் தண்ணீரில் பத்திரம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வயதுக்கு மேல் பழக்குவது பலன் தரும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. முறையான நீச்சலும் பாதுகாப்பான மீட்புப் பயிற்சியும் ஆறு வயதுக்கு மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அவர்கள் முதலில் கேட்பது வேலியும், பார்த்துக்கொள்ள ஆளும்தான். பிள்ளைக்குப் பழக்குவது ஒரு வேலை, காவல் இன்னொரு வேலை. முதலாவது நன்றாக நடக்க நடக்க இரண்டாவது தூங்கிவிடுகிறது. என் வீட்டில் தூங்கிற்று, அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஆடிப்பெருக்குக்கு உறவெல்லாம் சேர்ந்து கீழே ஆற்றங்கரைக்குப் போனோம். பதினெட்டுப் பெரியவர்கள், ஏழு பிள்ளைகள். இவ்வளவு பேர் இருக்கும்போது யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்போம், ஒருவரும் பார்க்கமாட்டோம். அதற்காக ஒரு சிவப்புத் துண்டு கொண்டுபோயிருந்தேன். துண்டு யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் பிள்ளைகளைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. போன் கூடாது, சீட்டாட்டம் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்தவருக்குக் கைமாறும். நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் கணவரின் சித்தப்பா துண்டோடு சித்ரான்னம் வாங்கப் போய்விட்டார். கேட்டால், "துண்டு என் கழுத்தில்தானே இருந்தது?" என்கிறார். அந்த ஐந்து நிமிடமும் நானும் பார்க்கவில்லை. புளியோதரைக்கு அப்பளம் போதவில்லை என்று யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததால்தான் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

ஓடையைப் பற்றி மகளுக்கு நான் கற்றுக்கொடுத்ததைவிட அத்தை கற்றுக்கொடுத்தது அதிகம். நம் தலைமேல் வெயில் அடிக்கும். மேலே மலைப் பக்கம் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் நிறம் டீயாக மாறினால், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தால், கல்லில் சலசலக்கும் சத்தம் இரைச்சலாக மாறினால், கேள்வி இல்லாமல் மேலே ஏற வேண்டும். செருப்பு போனால் போகட்டும். அத்தை இதை ஒரு விளையாட்டாக்கிவிட்டார். கேட்கிற கல்லில் உட்கார்ந்து, "இன்றைக்கு ஓடை என்ன குடித்திருக்கிறது?" என்று பேத்தியிடம் கேட்பார். பால், மோர், டீ என்று பதில் வரும். டீ என்றால் இருவரும் திரும்பி நடப்பார்கள். புல்லாவெளி அருவிப் பக்கம் படம் எடுக்க வரும் வெளியூர் இளைஞர்களுக்கும் யாராவது இந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தால் தேவலை.

யாராவது விழுந்துவிட்டால் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு மரப்பாச்சியைப் பலிகொடுத்தோம். தொட்டியில் பொம்மையைப் போட்டுவிட்டு, "இறங்காதே, கத்து, எறி" என்று பழக்கம். கத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எறிவதற்குக் கயிறு கட்டிய காலிக் கேன் ஒன்று ஓடைக்கரையில் எப்போதும் தொங்குகிறது. பெரியவர்களுக்குப் பக்கத்திலேயே மிளகுக்கொடியை இழுக்கும் துரட்டி. துரட்டியும் இல்லையென்றால் சேலை. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். நால்வரில் இருவர் பிழைத்தார்கள். அரசு அந்த மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. இந்தக் கதையை அத்தைக்குச் சொன்னபோது, முந்தானையை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

தூக்கிய பிறகு காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் எங்கள் பக்கம் இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள். வயிற்றிலிருப்பது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும், நேரமும் போகும். மூச்சில்லாத பிள்ளைக்கு முதலில் தேவை மூச்சு: வாயோடு வாய் வைத்து ஊதுவது, பிறகு நெஞ்சை அழுத்துவது, இன்னொருவர் 108-க்குப் போன் செய்வது. இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய்ப் பொம்மைமேல் செய்து பார்த்தேன். மறுநாள் தோள் வலித்தது. இந்த மலைப்பாதையில் வண்டி வந்து சேரும்வரை அந்தத் தோள்தான்.

அப்பா போன வாரம் வந்திருந்தார். பேத்தி கையைப் பிடித்து ஓடைக்கு அழைத்துப்போனாள். கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் நிற்காமல் நடந்தார். "தாத்தா, உட்காருங்கள்!" என்றாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன கேட்க வேண்டும் என்று அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டார். அவள் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மோர்தான், வாருங்கள்" என்று கையை நீட்டினாள். மேலே களத்தில் நின்று பார்த்தேன். கழுத்தில் சிவப்புத் துண்டு.

ஐப்பசி பிறந்துவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, காபி பழுக்கத் தொடங்கியாயிற்று. கார்த்திகையில் பழம் அரைக்க ஆரம்பித்தால் சிமெண்ட் தொட்டி இரண்டும் தை வரைக்கும் நிறைந்தே நிற்கும். அவற்றுக்கு இரும்பு வலையில் மூடி போட வேண்டும் என்று போன புரட்டாசியிலேயே அந்தத் தாளில் எழுதினேன். ஊற்றுக்குழிக்கு வேலி போட்டாயிற்று, டிரம்மைக் கவிழ்த்தாயிற்று, வாளிகள் இரவில் குப்புறக் கிடக்கின்றன. மூடி மட்டும் இன்னும் இல்லை. வெல்டிங்காரர் அளவெடுத்துப் போய் மூன்று வாரம் ஆகிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் கீழே இறங்கிப் பட்டறைத் திண்ணையிலேயே உட்காரப்போகிறேன்.